புலவருக்கு நான் வைத்த தாடி

தென்காசிக்குள் எந்த ரோடு வழியாக வந்தாலும் என் கைவேலையைப் பார்க்காமல் ஊருக்குள் நுழைய முடியாது. கடையம் பக்கமிருந்து வந்தால் ஒரு மன்னர் வாளை ஊன்றிக்கொண்டு நிற்பார். செங்கோட்டையிலிருந்து வந்தால் ஒரு துறவி கையை உயர்த்தி ஆசி சொல்வார். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு இறங்கினால் மேலகரம் தாண்டியதும் ஒரு புலவர் ஏட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எல்லாம் கம்பியும் கோழிவலையும் சிமெண்டும் கொண்டு நான் செய்தவை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அந்தப் பெரியவர்கள் எழுதியதில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. ஆனால் அவர்களுக்கு முகம் கொடுத்தது நான்தான். படித்தவர்கள் பலபேர் அவர்களைப் பற்றிப் பேசிச் சாப்பிடுகிறார்கள். முகம் இல்லாமல் பேச்சு எங்கே நிற்கும்?

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பழைய காலத்துப் பெரியவர்களில் பாதிப் பேருக்கு முகம் கிடையாது. போட்டோ இல்லாத காலம். எப்படி இருந்தார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியாது. சிலை வைக்க வருகிறவர்கள் என்னிடம், "நல்லா கம்பீரமா, கருணையா இருக்கணும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கம்பீரத்துக்கும் கருணைக்கும் மூக்கு எந்த அளவு? காது எந்த அளவு? அதை நான்தான் ஊருக்குள் தேடிப் பிடிக்க வேண்டும். கடையம் ரோட்டு மன்னர் உண்மையில் ஒரு புரோட்டாக்கடைக்காரர். மாவு பிசையும்போது அவர் முகத்தில் ஒரு கோபம் வரும், அதை எடுத்துக்கொண்டேன். செங்கோட்டை ரோட்டுத் துறவி ரேஷன் கடையில் எடை போட்டவர். அவர் தினமும் அந்த வழியாகத்தான் சைக்கிளில் போவார். போகும்போது தன்னையே அண்ணாந்து பார்த்து ஒரு கும்பிடும் போடுவார். யாருடைய முகம் என்று அவருக்குத் தெரியாது. தன் முகத்தைத் தனக்கு அடையாளம் தெரியாது மனிதனுக்கு, அடுத்தவன்தான் சொல்ல வேண்டும்.

இப்போது எழுதப்போவது அந்தப் புலவரைப் பற்றி. பெயர் வேண்டாம், பீடத்தில் செதுக்கியிருக்கிறது.

மேலகரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருந்தார். தன் சொந்த இடத்தில், ரோட்டைப் பார்த்த மாதிரி புலவருக்குச் சிலை வைக்க வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. அதற்கு ஒரு விழாக்குழு அமைத்து என்னிடம் வந்தார். புலவரின் பாட்டுகளை என் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்கு அது ஒன்றும் ஏறவில்லை. ஆனால் நடுவில் ஒரு பாட்டு வந்தது. அதை நான் முன்பே கேட்டிருக்கிறேன். என் அண்ணன் குளிக்கும்போது பாடுகிற பாட்டு.

என் அண்ணன் படித்தவன். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே படிப்பு அவனோடு வந்து அவனோடு போனது. போனது என்றால், ஒரு சீசன் சமயம் காலையில் குற்றாலம் போகிறேன் என்று துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பியவன் திரும்பவில்லை. அன்றைக்கு மலைமேல் மழை பெய்து அருவியில் திடீரென்று செந்தண்ணீர் வந்தது. அவனுடைய செருப்பும் துண்டும் படிக்கட்டில் கிடைத்தன. உடம்பு கிடைக்கவில்லை. சிற்றாற்றில் ஆள் விட்டுத் தேடினோம். தென்காசிப் பாலம் தாண்டியும் தேடினோம். செங்கோட்டையில் ரயிலேறிக் கேரளா பக்கம் போனதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். சாமியார் ஆகிவிட்டான் என்று இன்னொருவர் சொன்னார். அண்ணன் மகள் அப்போது கைக்குழந்தை.

மதினி பொட்டை அழிக்கவில்லை. தாலியைக் கழற்றவில்லை. "பொணத்தக் காட்டுங்க, அழிக்கேன்" என்றாள். யாராலும் காட்ட முடியவில்லை. அதோடு பேச்சு நின்றுவிட்டது.

வீட்டில் அண்ணனுடைய போட்டோ ஒன்றே ஒன்றுதான், கல்யாணத்தில் எடுத்தது. எங்கள் பக்கத்துச் சாரல் ஈரம் சும்மா விடுமா? கண்ணாடிக்கு உள்ளே பூஞ்சை பிடித்துப் பரவியது. மதினியின் முகத்தை அது தொடவில்லை. பக்கத்தில் நிற்கிற மாப்பிள்ளைக்கு மாலை இருக்கிறது, தலைப்பாகை இருக்கிறது, நடுவில் வெள்ளையாக ஒரு கறை. நான் எத்தனையோ தடவை அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பார்க்கப் பார்க்க அந்தக் கறைக்குள்ளிருந்து ஆள் என்னைப் பார்ப்பதுபோல இருக்கும்.

அதனால் தலைமையாசிரியர் அந்தப் பாட்டைச் சொன்னதும் நான் யோசிக்கவே இல்லை. புலவருக்கு அண்ணனின் முகம். ஞாபகத்திலிருந்தே செய்தேன், போட்டோ தேவைப்படவில்லை. இந்த மாவட்டத்தில் வேறு எவனாவது அப்படிச் செய்துவிடட்டும் பார்க்கலாம். இன்றைக்கு இருந்தால் எப்படி இருப்பான் என்று கணக்குப் போட்டு, கன்னத்தில் கொஞ்சம் சதையை இறக்கினேன், கண்ணுக்குக் கீழே கோடு போட்டேன், நெற்றியை ஏற்றினேன். முகம் மழித்த முகம், அவன் தினமும் சவரம் செய்கிறவன். என் வாழ்நாளில் நான் செய்த சிலைகளில் அதுதான் சிலை. மற்றதெல்லாம் பூச்சு வேலை.

சாமி சிலைக்குக் கண் திறக்கும்போது ஒரு முறை உண்டு. கடைசியாகத்தான் கண்ணைத் திறப்பார்கள். அப்போது எதிரே ஆள் நிற்கக்கூடாது. முதல் பார்வை கண்ணாடியில் விழ வேண்டும், பிறகு பசுவும் கன்றும் நெல்லும். மனிதர் சிலைக்கு அதெல்லாம் தேவையில்லை என்பார்கள். நான் விடுவதில்லை. யார் சிலையானாலும் கருவிழியைக் கடைசியில்தான் குழிப்பேன். பக்கவாட்டில் நின்றுதான் குழிப்பேன். குழித்ததும் ஒரு கண்ணாடியை எடுத்து முகத்துக்கு நேரே காட்டிவிடுவேன். என் பட்டறையில் அதற்கென்றே ஒரு கண்ணாடி தொங்குகிறது.

அன்றைக்கு இரண்டாவது கண்ணைக் குழித்துவிட்டுக் கண்ணாடியை எடுக்கத் திரும்புகிறேன், வாசலில் மதினி நிற்கிறாள். மகளுக்குக் கடையத்தில் மாப்பிள்ளை முடிவாகிவிட்டது என்று சொல்ல வெற்றிலை பாக்கோடு வந்திருக்கிறாள். சிலைக்கு நேர் எதிரே நின்றாள்.

வெற்றிலைத் தட்டு கீழே விழவில்லை. அதை மெதுவாகத் தரையில் வைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினாள். வீட்டுக்காரர் வந்தால் பெண்கள் எப்படி எழுந்து ஒதுங்கி நிற்பார்களோ, அப்படிச் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.

"மதினி, அது புலவரு" என்றேன்.

"எனக்குத் தெரியாதா கொழுந்தனாரே?" என்றாள். "தலை நரைக்கலையா அவுகளுக்கு?"

"சிமெண்டுல எங்க நரைக்க? பெயிண்டு அடிச்சாத்தான்."

அவள் சிரிக்கவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "இத எங்க வைக்கப் போறீக?" என்று கேட்டாள். ரோட்டோரம் என்றேன். திறப்புவிழா உண்டு, பெரிய ஆட்கள் வருகிறார்கள், துணியை விலக்கி மாலை போடுவார்கள் என்று என் பெருமையை அளந்துகொண்டே போனேன்.

"மாலையா?"

அவள் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கிறவன் கழுத்தில் மாலை போடலாம், அவன் படத்தில் போட மாட்டோம். படத்துக்கு மாலை விழுந்துவிட்டது என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். தெருவில் போகிறவன்கூட வாசல் வழியாக மாலை போட்ட படத்தைப் பார்த்து, "இவரு எப்பத் தவறுனாரு?" என்றுதான் கேட்பான்.

"புலவருக்குத்தான் மாலை, மதினி."

"முகம் யாருக்கு?" என்றாள். "நான் இத்தன வருசமா போட்டோவுல ஒரு பூவக்கூடச் சொருகல. நீங்க ஊர்கூடி மாலை போடப் போறீக. அதுவும் மக கல்யாணத்துக்கு முன்னால. மாப்பிள்ளையோட அத்தைக்காரி நேத்தே கேட்டுட்டா, பொண்ணப் பெத்தவ மணவறையில எந்தக் கோலத்துல நிப்பான்னு. நான் பொட்டோடதான் நிப்பேன்னு சொல்லிட்டேன். மாலை விழுந்துட்டா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்க? முகத்த மாத்திருங்க."

"இந்த முகத்தையா?" எனக்குக் கோபமே வந்தது. "இது எப்படிப்பட்ட வேல தெரியுமா?"

"தெரியும். மூச்சு விடலியேன்னுதான் பாக்கேன்" என்றாள். தட்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

மாற்றுவதாக நான் அப்போது சொல்லவில்லை. சிலை தலையில் சாக்கு மூடியபடியே பீடமேறியது. திறப்புவிழாவுக்கு நாள் நெருங்கிய நேரத்தில் உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. தேர்தல் முடிகிற வரை விழாவும் கிடையாது, பெரிய ஆட்களும் வரக்கூடாது. எதற்கு வம்பு என்று, ஊரில் இருந்த மற்றச் சிலைகளோடு சேர்த்து இதையும் வெள்ளைத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டார்கள். அந்த நாட்களில் நம் ஊர் ரோடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? மூலைக்கு மூலை முகத்தை மூடிக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள். மன்னர் எது, துறவி எது என்று தெரியாது. எல்லாரும் ஒரே மாதிரி வெள்ளையாக, உயரமாக, யாருக்கோ காத்திருப்பதுபோல நிற்பார்கள். அத்தனை பேரும் நான் பெற்றவர்கள். எனக்கே அந்தப் பக்கம் போகப் பிடிக்காது.

அப்போது சாரல் தொடங்கியிருந்தது. செங்கோட்டைக் கணவாயில் புகுந்து வருகிற காற்று எங்கள் ஊரில் ஒரு தனி ரகம். நின்று அடிக்காது. தள்ளும், நிற்கும், தள்ளும், நிற்கும். சிலைக்கு எதிரே ஒரு டீக்கடை உண்டு. அந்தக் கடைக்காரர்தான் முதலில் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணாச்சி, உம்ம செலை மூச்சு விடுதுவே."

"உமக்கு வேற வேல இல்லையா?"

"நீரு வந்து பாரும். காலையில கடை தொறந்ததுல இருந்து அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். வாய்கிட்ட துணி உள்ள போகுது, வெளிய வருது. யாவாரமே ஓடல. குடிக்க வாறவன் எல்லாரும் கிளாஸக் கையில வச்சுக்கிட்டு அங்கனயே பாக்கான், டீ ஆறிப்போகுது."

போய்ப் பார்த்தேன். சாரலில் துணி நனைந்து முகத்தோடு ஒட்டியிருந்தது. மூக்கு, உதடு, கண்குழி எல்லாம் துணிக்கு மேலேயே தெரிந்தன. காற்று தள்ளும்போது உதடுகளுக்கு நடுவில் துணி குழிந்து உள்ளே போயிற்று. காற்று நின்றதும் மெல்ல உப்பி வெளியே வந்தது. நான் செய்யும்போது வாயைக் கொஞ்சம் திறந்தாற்போல வைத்திருந்தேன், பாடுகிறவன் வாய் என்பதற்காக. அதனால்தான். காரணம் தெரிந்தும் என் மூச்சு அதோடு சேர்ந்துகொண்டது. அது இழுக்கும்போது நான் இழுத்தேன். அது விடுகிற வரைக்கும் நான் விடவில்லை.

"பாத்தீரா?" என்றார் டீக்கடைக்காரர். "உம்ம மதினியும் வந்துட்டுப் போனாக."

"எப்ப?"

"தெனமும்தான் வாறாக. நெறைய நேரம் நிக்க மாட்டாக. பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நின்னு பாத்துட்டு, பஸ் வந்ததும் ஏறாமப் போயிருவாக."

அன்று வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். "நாளைக்குப் போயி முகத்தக் கொத்தி எடுத்துரப் போறேன்."

"எடுத்துட்டு யாரு முகத்த வைப்பீக?" என்றாள் அவள். "ஒங்க முகத்தையா? அதுக்குத்தான இத்தன நாளும் காத்துக் கெடக்கீக."

அவள் அப்படித்தான். ஆனால் கொத்து உளியையும் சுத்தியலையும் அவள்தான் எடுத்து வைத்தாள்.

மறுநாள் பகலில் சாரம் கட்டி ஏறினேன். அங்கே காவலுக்கு நின்ற போலீஸ்காரர், "துணிய மட்டும் அவுக்காதீரும், எனக்கு மெமோ வந்துரும். உள்ள பூந்து என்ன வேணாலும் செய்யும்" என்றார். அடியில் கயிற்றைத் தளர்த்தித் துணிக்குள் தலையை நுழைத்து எழுந்து நின்றேன்.

உள்ளே இருட்டாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பால் மாதிரி ஒரு வெளிச்சம் எல்லாப் பக்கமும் இருந்தது. ரோட்டுச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. ஈரத்துணி காற்றில் இழுத்து என் முதுகில் ஒட்டியது, விட்டது, ஒட்டியது. யாரோ பின்னால் நின்று முதுகில் கை வைத்து எடுப்பதுபோல. எனக்கும் அந்த முகத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

முகத்தில் தாடி முளைத்திருந்தது.

இரண்டு கன்னத்திலும், மோவாயிலும், மேலுதட்டிலும், சவரம் செய்யாத முகத்தில் கறுப்பாகப் புள்ளி புள்ளியாகக் கிளம்புமே, அதேபோல. நெற்றி சுத்தமாக இருந்தது. மூக்கு சுத்தமாக இருந்தது. தாடி வரவேண்டிய இடத்தில் மட்டும் வந்திருந்தது. பாசிதான் அது. குற்றாலத்துப் பக்கம் ஈரம் தங்கினால் எந்தச் சிமெண்டிலும் பிடிக்கும். துணி ஒட்டாத இடத்தில் ஈரம் நின்றிருக்கும், அங்கே பிடித்திருக்கும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். சொரசொரவென்று இருந்தது. சிறுவயதில் அண்ணன் என்னைத் தூக்கிக் கன்னத்தோடு கன்னம் வைத்து உரசுவான். எரியும். கத்துவேன். அதே சொரசொரப்பு.

உளியை மோவாயில் வைத்தேன். சுத்தியலை ஓங்கினேன். என் தோளுக்குப் பக்கத்தில் தொங்கின துணி மடிப்பு உள்ளே இழுபட்டு அவன் வாயில் ஒட்டியது. அப்படியே நின்றது, வெளியே வரவில்லை. ஓங்கின கை தொங்கிப் போகிற வரைக்கும் வரவில்லை. நான் உளியை எடுத்ததும் வந்தது.

கீழே இறங்கிச் சிமெண்டு குழைத்துக்கொண்டு மறுபடி ஏறினேன். முகத்தைத் தொடவில்லை. பாசி தனக்குத் தானே கோடு போட்டுக் கொடுத்திருந்தது, அந்தக் கோட்டின் மேலேயே தாடியை வைத்தேன். மோவாயிலிருந்து நெஞ்சு வரை, புலவருக்கு ஏற்ற நல்ல தாடி. வாயை மூடிவிட்டேன். மீசையை இழுத்து உதட்டின் மேல் விட்டேன். கரண்டியின் நுனியால் இழை இழையாகக் கீறினேன். சாயங்காலம் ஆவதற்குள் அண்ணன் உள்ளே போய்விட்டான். யார் பார்த்தாலும் தெரியாது. வேறு எவன் இதைச் செய்திருக்க முடியும்?

ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய சிமெண்டின்மேல் புதுச் சிமெண்டு பிடிக்க வேண்டுமென்றால் பழையதை உளியால் கொத்திவிட்டு, சிமெண்டுப்பால் அடித்து, அப்புறம்தான் பூச வேண்டும். நேற்றுக் கரண்டி பிடித்தவனுக்கும் தெரிந்த விஷயம். நான் கொத்தவில்லை. பாசியையும் வழித்து எடுக்கவில்லை. அந்தக் கன்னத்தில் உளியை வைத்துக் கொத்துவது எப்படி? அப்படியே மேலே அப்பிவிட்டேன்.

தேர்தல் முடிந்து திறப்புவிழா நடந்தது. துணி விலகியதும் தலைமையாசிரியர் என் காதோரம் வந்தார்.

"என்னவே, நான் பாத்தப்ப தாடி இல்லையே?"

"இத்தன நாளு துணிக்குள்ள நின்னாருல்லா ஐயா? சவரம் பண்ணிவிட யாரு வந்தா?"

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இருக்கட்டும், இருக்கட்டும். இப்பத்தான் புலவர் மாதிரி இருக்காரு" என்றார். மாலை விழுந்தது. பேசினவர்கள் எல்லாரும் அந்தக் கண்களைப் பற்றியே பேசினார்கள். கூட்டத்தில் மதினி நின்றாள். மாலை விழும்போது நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையைத் தூக்கிப் பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தாள்.

"இது புலவருதான்" என்றாள். "கண்ணு மட்டும் அவுக."

"கண்ண நான் தொடல."

"வேண்டாம். இருக்கட்டும். கல்யாணம் முடிஞ்ச கையோட பிள்ளைகள இங்கன கூட்டிட்டு வருவேன். அந்தக் கண்ணுல படட்டும்."

கல்யாணம் அடுத்த சாரலுக்கு வைத்தார்கள். அதற்குள் தாடிக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒரு மயிரிழை விரிசல் வந்துவிட்டது. காதருகில் தொடங்கி மோவாயைச் சுற்றி மறு காது வரை. விரிசல் என்றால் கோணல்மாணலாகப் போக வேண்டும். இது சவரக்கத்தி போகிற வழியிலேயே போயிருந்தது. பட்டி வைத்து அடைத்தேன். மறுபடி வந்தது. அடைத்தேன். மறுபடி அதே வழியில் வந்தது. கல்யாணம் முடிகிற வரைக்கும் தாங்கினால் போதும் என்று அதன் மேலேயே பெயிண்டை அடித்துவிட்டேன்.

கல்யாண மண்டபம் மேலகரம் ரோட்டில். மாப்பிள்ளை வீட்டார் கடையத்திலிருந்து வேன் பிடித்து வருகிறார்கள். சிலையைத் தாண்டித்தான் மண்டபத்துக்கு வரவேண்டும். பெண்ணின் சித்தப்பன் யார், என்ன செய்கிறவன் என்று வருகிற சனத்துக்குத் தெரிய வேண்டாமா? பூக்காரரிடம் கல்யாண மாலைகளோடு சேர்த்துப் புலவருக்கும் ஒன்று சொல்லிவிட்டேன். சம்பங்கியும் ரோஜாவும் கட்டின ஆளுயர மாலை. விடியற்காலையிலேயே போட்டுவிட்டார்கள். வேனில் வந்தவர்கள் இறங்கியதும் அதைப் பற்றித்தான் கேட்டார்கள். மாப்பிள்ளையின் அத்தைகூட, "செலை நீங்க செஞ்சதா? நேர்ல ஆளு நிக்கிற மாதிரில்லா இருக்கு" என்றாள். மதினி நல்ல பட்டுடுத்தி, பெரிதாகக் குங்குமம் வைத்து, மணவறைப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். பொட்டைப் பற்றி அத்தைக்காரி வாயைத் திறக்கவில்லை.

தாலி கட்டி முடிந்து பந்தியில் ஆள் உட்கார்ந்த நேரம், டீக்கடைக்காரர் போன் செய்தார். கல்யாண வீட்டுச் சத்தத்தில் நான் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

"அண்ணாச்சி, தாடி விழுந்துட்டு."

"உடைஞ்சா போச்சு?"

"உடையல. கழட்டி வச்ச மாதிரி அப்படியே முழுசா பீடத்துல கெடக்கு. உள்ள ஒரு மூஞ்சி இருக்குவே. யாரு அது?"

போனை அணைத்தேன். மாலையைத்தான் நினைத்தேன். மதினி பந்தி முடிந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அங்கே அழைத்துப் போகப் போகிறாள். மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளைக்கு யாரோ இன்னொரு லட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். மதினி என்னைப் பார்த்து, "கார எடுத்து வைங்க கொழுந்தனாரே, இந்தா வந்துட்டோம்" என்று கை காட்டினாள்.

பின்னால் வருகிற காருக்கு ஆளைச் சொல்லிவிட்டு, நான் மட்டும் என் காரில் முன்னால் கிளம்பினேன். சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது.

கழுத்தில் மாலையோடு அண்ணன் நின்றான். தாடி விழுந்த இடம் வெள்ளைவெளேரென்று இருந்தது. ஒரு புள்ளி பாசி இல்லை. நான் வழித்து எடுக்காத பாசி. மழமழவென்று, கல்யாணத்தன்று காலையில் நாவிதர் வந்து செய்துவிட்ட மாப்பிள்ளைச் சவரம் மாதிரி இருந்தது. வாய் பழையபடி கொஞ்சம் திறந்திருந்தது.

டீக்கடைக்காரர் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார். நான் ஏறினேன். இந்த வயதில் பட்டு வேட்டியோடு. மாலை நனைந்து கனமாகிவிட்டிருந்தது. தலைக்கு மேலே தூக்கி எடுக்க வேண்டும். தூக்கும்போது என் முகம் அவன் முகத்துக்குக் கிட்டே போயிற்று. காற்று அப்போது அடிக்கவில்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, என் வேட்டி நுனிகூட ஆடவில்லை, டீக்கடைப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. ஆனால் என் கன்னத்தில் சூடாக ஏதோ பட்டது. வெந்நீர்ப் பாத்திரத்தைத் திறந்தால் வருமே, அதுபோல.

மாலையை இறக்கிக் காரின் டிக்கியில் போட்டு மூடிய அதே நேரம் பின்னால் கல்யாணக் கார் வந்து நின்றது.

மதினி இறங்கினாள். அண்ணாந்து பார்த்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். முகத்தைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். கழுத்தில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு சிரிப்பு சிரித்தாள், நான் அவளுடைய கல்யாணத்தில் பார்த்த சிரிப்பு.

"ஏட்டி, கும்புட்டுக்கோ" என்று மகளிடம் சொன்னாள். "ஒங்க அப்பா முகம் இதுதான். நல்லாப் பாத்துக்கோ."

அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து பார்த்ததெல்லாம் போட்டோவில் ஒரு வெள்ளைக் கறைதான். வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து கும்பிட்டாள். சாரல் பெரிதாகியது. எல்லாரும் காருக்குள் ஏறினார்கள். கடைசியாக மதினி என் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"சம்பங்கி வாசம் வருதே?"

"கல்யாண வீட்டுல இருந்து வாறவன்ட்ட வேற என்ன வாசம் வரும்?"

"அதான" என்றாள். ஏறிப் போய்விட்டாள்.

அந்த மாலையை என்ன செய்வது? வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. குப்பையில் போட மனது வரவில்லை. ஒருவர் கழுத்தில் கிடந்த மாலை. காரைத் தென்காசிக்கு விட்டு, சிற்றாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் படித்துறையில் இறங்கினேன். குற்றாலத்தில் விழுகிற தண்ணீர்தான் அங்கே வந்து சேருகிறது, செந்தண்ணீராகக் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் மாலையை எடுத்துத் தண்ணீரில் விட்டேன். விட்ட பிறகுதான் தோன்றியது, அவனுக்கு இந்தக் கடைசிக் காரியத்தை யாரும் இதுவரை செய்யவில்லையே என்று.

அத்தனை வேகமாகத் தண்ணீர் போகிறது, இலையும் குச்சியும் பறந்துகொண்டு போகின்றன. மாலை போகவில்லை. நடு ஆற்றுக்குப் போய், வட்டமாக விரிந்து, அங்கேயே நின்றது. ஆளின் கழுத்தில் எப்படி நிற்குமோ அப்படி, முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து, பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்து. நடுவில் தண்ணீர் மட்டும் சுழித்துக்கொண்டிருந்தது. நான் படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பட்டு வேட்டி நனைந்து காலோடு ஒட்டியது. மாலை மெல்ல என் பக்கம் திரும்பியது.